நிழற்படம் சித்திரமாகும் வகை

மிகுதியைச் சுருக்கிக் கூறுதல் ஒரு கலை. சுருக்குமிடத்துப் பொருள் குன்றாமற் காத்தல் அதனினும் பெரிய கலை. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், சூத்திரத்தின் இலக்கணம் கூறுங்கால் அதனைக் கண்ணாடிக்கு ஒப்பிட்டார். பேருருவங்கள் சிறிய ஆடியுள் அடங்கித் தெளிவாகத் தோன்றுதல் போலச் சில எழுத்துகளாலாகிய சூத்திரத்துள் பல பொருள்கள் அடங்கி விளங்குதல் வேண்டும் என்பது அவர் கருத்து. சொல்லுக்கு அவர் வகுத்த இவ்விதி உருவத்துக்கும் பொருந்தும். ஒருவருடைய நிழற்படத்தில் உள்ள எண்ணற்ற நுணுக்கங்களை நீக்கி, சில கோடுகளாலும் சில வண்ணங்களாலும் அவரையே நம் கண்முன் நிறுத்துவது ஓவியத்தில் அமைந்த சூத்திரம் எனலாம். சித்திரக்கதைகளில் நாம் காணும் முகங்கள் அத்தகையன. இக்காலத்தே கணினியின் துணைகொண்டு எந்த நிழற்படத்தையும் அவ்வாறு மாற்றலாம். அது நிகழும் வகையையும், அதனைச் செய்வோர் கருத வேண்டுவனவற்றையும் இப்பாடத்திற் காண்போம்.

கோட்டினால் உருவத்தைக் காட்டும் கலை தமிழர்க்குப் புதியதன்று. ஓவியரைச் சங்கப் புலவர் ‘கண்ணுள் வினைஞர்’ என்றனர். வண்ணந் தீட்டாது கோடுகளால் மட்டும் வரைந்த உருவம் ‘புனையா ஓவியம்’ எனப்பட்டது. நெடுநல்வாடையில் அத்தொடரைக் காணலாம். தாம்பரத்தில் மின்சாரத் தொடர்வண்டியில் ஏறிக் கடற்கரை நோக்கிச் செல்வோர், சானடோரியம், குரோம்பேட்டை ஆகிய நிலையங்களைக் கடந்து பல்லாவரத்தை அடைவர். ஆங்குள்ள குன்றில், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குடைவரை இன்றும் உளது. அவ்வேந்தனின் விருதுப்பெயர்கள் அதன்கண் பொறிக்கப்பட்டுள்ளன. அவன் பூண்ட விருதுகளுள் ‘சித்திரகாரப்புலி’ என்பதும் ஒன்று. நாடாளும் மன்னன் ஓவியன் எனப் பெயர் பெறுதலைப் பெருமையாகக் கருதிய நாடு இது. நம் காலத்திலும் இம்மரபு அற்றுப்போகவில்லை. சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள ஈஞ்சம்பாக்கத்தில், ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966-ஆம் ஆண்டு சோழமண்டல ஓவியர் கிராமத்தை நிறுவினார். அங்கு வாழ்ந்த ஓவியர் பலர் கோட்டையே தம் கலைக்கு உயிராகக் கொண்டனர்.

சித்திரக்கதையின் முகங்கள் ஏன் எளிய கோடுகளாலும் தட்டையான வண்ணங்களாலும் அமைந்தன? இதற்கு விடை அச்சுக்கூடத்தில் உளது. பழைய அச்சுப்பொறிகளால் நிழற்படத்தின் மெல்லிய நிழல் வேறுபாடுகளை மலிவான தாளிற் காட்ட இயலவில்லை. கருப்பு மையால் தெளிவான கோடும், ஓரிரு மைகளால் சீரான வண்ணமும் அச்சிடுதலே எளிதாயிற்று. 1879-ஆம் ஆண்டு பெஞ்சமின் டே என்னும் அமெரிக்கர், சிறு புள்ளிகளை நெருக்கியும் அகற்றியும் அச்சிட்டு வண்ணத்தின் அடர்த்தியை வேறுபடுத்தும் முறையைக் கண்டார். பிற்காலத்துச் சித்திரக்கதைகள் பலவற்றின் பக்கங்களில் காணப்பட்ட புள்ளிகள் அம்முறையின் வழிவந்தவை. தமிழ்நாட்டில் பாரதியார் தம் ‘இந்தியா’ இதழில் 1906 முதலே கேலிச்சித்திரங்களை வெளியிட்டார். 1947-ஆம் ஆண்டு சென்னையில் அம்புலிமாமா தோன்றிற்று. 1972-ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கிற்று. அச்சின் வறுமையாற் பிறந்த எளிமை, நாளடைவில் யாவரும் விரும்பும் அழகாக மாறியது. குறையே நிறையானமைக்கு இஃது ஒரு சான்று.

எளிய கோடுகளைக் கண்டதும் இவர் இன்னார் என நாம் அறிந்துகொள்வது எங்ஙனம்? கண்ணின் வழிச் செல்லும் செய்தியை மூளை எவ்வாறு கொள்கிறது என்பதை டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் என்னும் அறிஞர் இருவர் ஆராய்ந்தனர். மூளையின் பார்வைப் பகுதியிலுள்ள நரம்பணுக்கள் பல, ஒளியும் இருளும் சந்திக்கும் விளிம்புகளையே சிறப்பாக நோக்குகின்றன என அவர்கள் கண்டனர். இந்த ஆராய்ச்சிக்காக 1981-ஆம் ஆண்டு அவர்கள் நோபல் பரிசிற் பங்கு பெற்றனர். எனவே விளிம்புகளைக் கோடுகளாகக் காட்டும் ஓவியன், மூளை தானே தேடிக்கொள்ளும் செய்தியை முன்னரே தொகுத்துத் தருகின்றான்.

இனி, கணினி செய்யும் பணியை நோக்குவோம். மார்கழித் திங்களில் வாயிலில் இடும் புள்ளிக் கோலத்தை நீங்கள் அறிவீர்கள். கணினிக்கு நிழற்படமும் ஒரு புள்ளிக் கோலமே. வரிசை வரிசையாக நிற்கும் இலட்சக்கணக்கான புள்ளிகளின் தொகுதி அது. பிக்சல் எனப்படும் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் அளவு எண்ணாகக் குறிக்கப்படும். ஒவ்வோர் அளவும் 0 முதல் 255 வரை 256 படிகளை உடையது. மூன்றையும் பெருக்கினால் 1,67,77,216 வண்ணங்கள் உண்டாகும். சித்திரக்கதைக்கோ பத்துப் பன்னிரண்டு வண்ணங்கள் போதும். ஆதலின், நிழற்படத்தைச் சித்திரமாக்குதல் என்பது முறையறிந்து கழிக்கும் தொழிலே ஆகும்.

இத்தொழிலுக்குப் பயன்படும் மென்பொருள்கள் பல. தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் உடன்பிறந்தார் ஆக்கிய போட்டோஷாப் 1990-ஆம் ஆண்டு வெளிவந்தது. விலையின்றிக் கிடைக்கும் கிம்ப் என்னும் மென்பொருளை அமெரிக்காவிலுள்ள பெர்க்லிப் பல்கலைக்கழக மாணவர் இருவர் ஆக்கி, 1996-ஆம் ஆண்டு வெளியிட்டனர். ‘கார்ட்டூன்’ என்னும் ஒரு கட்டளையும் அதில் உண்டு. ஒரே அழுத்தத்திற் படத்தைச் சித்திரம்போல் ஆக்க அது முயலும். எனினும், உள்ளே நிகழ்வதை அறியாது அழுத்துவோன் கருவிக்கு ஏவலன் ஆவான். அறிந்து அழுத்துவோனுக்கே கருவி ஏவல் செய்யும். ஆதலின் அப்பணியின் படிகளை ஒவ்வொன்றாக அறிதல் வேண்டும்.

முதற்படி, தக்க படத்தைத் தேர்தல். ஒளி ஒரு புறத்திலிருந்து மென்மையாக முகத்தில் வீழ்தல் நன்று. சாளரத்தின் அருகே நிற்கும்போது அத்தகைய ஒளி கிடைக்கும். நேர் எதிரே பாயும் மின்னொளி, மூக்கின் நிழலையும் கன்னத்தின் வளைவையும் அழித்துவிடும். கருங்கூந்தல் உடையார்க்குப் பின்னே கருந்திரை இருத்தலாகாது. கூந்தலும் திரையும் கலந்து தலையின் வடிவே மறையும்.

இரண்டாம் படி, மென்மையாக்குதல். நிழற்படத்தில் தோலின் நுண்துளைகளும், மங்கிய ஒளியிற் படம் எடுப்பதால் தோன்றும் பொடிப்பொடியான புள்ளிகளும் இருக்கும். அவற்றை நீக்காது கோடு வரையச் சொன்னால், கணினி ஒவ்வொரு பொடிக்கும் ஒரு கோடு இட்டு முகத்தை முட்புதராக்கும். எல்லாப் புள்ளிகளையும் ஒரு சேரக் கலக்கினாலோ கண்ணிமையின் விளிம்பும் உதட்டின் எல்லையும் கரைந்துபோம். இவ்விடர்ப்பாட்டுக்கு 1998-ஆம் ஆண்டு தொமாசி, மண்டூச்சி என்னும் அறிஞர் இருவர் ஒரு நல்வழி கூறினர். வயலில் பாய்ந்த நீர் வரப்புக்குள் சமமாகப் பரவும், வரப்பைத் தாண்டாது. அதுபோல, தன்னையொத்த நிறமுடைய அண்டைப் புள்ளிகளோடு மட்டும் ஒவ்வொரு புள்ளியையும் கலந்தால், கன்னம் சீராகும். விளிம்போ அழியாது நிற்கும்.

மூன்றாம் படி, வண்ணங்களைக் குறைத்தல். ஆங்கிலத்தில் இதனைப் ‘போஸ்டரைஸ்’ என்பர். ஒவ்வோர் ஒளிக்கும் உரிய 256 படிகளை நான்காகக் குறைத்தால், படம் முழுவதும் 64 வண்ணங்களுக்குள் அடங்கும். ஈண்டு ஒரு தீங்கு மறைந்துள்ளது. எடுத்துக்காட்டாக, மாநிற முகம் ஒன்றின் கன்னத்தில் சிவப்பு 130, பச்சை 85, நீலம் 60 என அளவுகள் இருப்பதாகக் கொள்வோம். நான்கு படிகளின் அளவுகள் 0, 85, 170, 255 என்பன. ஒவ்வோர் எண்ணும் தனக்கு அண்மையிலுள்ள படிக்கு நகரும். சிவப்பு 170 ஆகும். பச்சை 85 ஆகவே நிற்கும். நீலம் 85 ஆகும். அமைதியான மாநிறம் செங்கல் நிறமாகத் திரிந்துவிடும். இதனைத் தவிர்க்க, முகத்திலிருந்தே இரண்டு மூன்று வண்ணங்களைத் தொட்டெடுத்து, அவற்றையே சீராகப் பூசுதல் நலம்.

நான்காம் படி, கோடு காணுதல். இதற்கு முதலில் வண்ணப்படத்தைக் கருப்பு வெள்ளையாக்கல் வேண்டும். நம் கண் பச்சையொளியை மிகுதியாகவும், சிவப்பை அதனிற் குறைவாகவும், நீலத்தை மிகக் குறைவாகவும் உணரும். ஆதலின், பச்சையில் நூற்றுக்கு 59 பங்கும், சிவப்பில் 30 பங்கும், நீலத்தில் 11 பங்கும் கூட்டி ஒரு புள்ளியின் ஒளியளவைக் கணிக்கும் முறை வழக்கில் உளது. மேலே கூறிய கன்னத்தின் அளவு, இம்முறைப்படி ஏறத்தாழ 96 ஆகும். பின்னர், ‘திரெஷோல்டு’ என்னும் எல்லையளவு ஒன்றைக் குறித்தால், அதற்கு மேற்பட்டவை வெண்மையாகும், கீழ்ப்பட்டவை கருமையாகும். இவ்வாறு கிடைத்த கருமையான பகுதிகளே சித்திரத்தின் கோடுகளும் நிழல்களும் ஆம்.

ஐந்தாம் படி, இணைத்தல். சீராக்கிய வண்ணத்தை ஓர் அடுக்காகவும், கருங்கோட்டை அதன்மேல் மற்றோர் அடுக்காகவும் வைத்தால் சித்திரம் நிறைவுறும். விரும்புவோர் பழைய அச்சின் புள்ளிகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நான்காம் படியிற் கூறிய எல்லையளவு சிறிய செய்தியாகத் தோன்றலாம். அது சிறியதன்று என்பதை நான் நேரிற் கண்டேன். அதனை ஈண்டு உரைப்பேன்.

ஓய்வு பெற்ற பின்னர் நான் தாம்பரத்தை அடுத்த சேலையூரில் வாழ்ந்து வருகின்றேன். அண்மையிலுள்ள பள்ளி ஒன்றின் மாணவர்கள் ஆண்டுதோறும் ஓர் இதழ் வெளியிடுவர். அதன் மொழியைத் திருத்தித் தருமாறு என்னை அழைப்பது வழக்கம். ஓராண்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் வகுப்பினர் அனைவருடைய நிழற்படங்களையும் சித்திரமாக மாற்றி இதழில் சேர்க்க விரும்பினான். ஒரு படத்துக்கு அமைத்த எல்லையளவையே எல்லாப் படங்களுக்கும் வைத்து, ஒரே மாலைப்பொழுதில் அப்பணியை முடித்தான். மறுநாள் படங்கள் வகுப்பறைப் பலகையில் ஒட்டப்பட்டன. பலர் தம் உருவைக் கண்டு மகிழ்ந்தனர். கருநிறமுடைய மாணவி ஒருத்தியின் படமோ கருமை படர்ந்த ஒரு வட்டமாயிருந்தது. கண்ணின் வெண்மையும் பற்களும் தலையிற் சூடிய மல்லிகையுமே அதில் தெரிந்தன. மூக்கில்லை, புருவமில்லை, முகமே இல்லை. சிலர் நகைத்தனர். அவள் ஒன்றும் கூறாது தன் படத்தை எடுத்து மடித்துப் புத்தகத்துள் வைத்துக்கொண்டாள். மாலையில் என்னிடம் வந்து, “ஐயா, என் படம் இல்லாமலே இதழ் வரட்டும்” என்றாள்.

நான் அம்மாணவனை அழைத்து வினவினேன். “ஐயா, நான் ஒன்றும் வேண்டுமென்று செய்யவில்லை. எல்லாருக்கும் ஒரே அளவுதான் வைத்தேன். கருவி அப்படிக் காட்டினால் நான் என்ன செய்வேன்?” என்றான். அவன் கூறியது பொய்யன்று. அவன் உள்ளத்தில் தீமையும் இல்லை. “தம்பி, எல்லாருக்கும் ஒரே அளவில் சட்டை தைத்துவிட்டு, பொருந்தாதவர் உடம்பின்மேல் குறை கூறலாமா?” என்றேன். அவன் தலை கவிழ்ந்து நின்றான்.

பின்னர் மூவரும் கணினியின் முன் அமர்ந்தோம். எல்லையளவு 128-இல் நின்றது. அம்மாணவியின் கன்னத்தில் ஒளி விழுந்த பகுதியே 96 அளவில் இருந்தது. நிழற்பகுதி 43 அளவில் இருந்தது. இரண்டும் 128-க்குக் கீழ்ப்பட்டமையால் அனைத்தும் கருமையாயின. எல்லையை 70-க்குக் குறைத்தவுடன், ஒளியும் நிழலும் பிரிந்து மூக்கும் புருவமும் தாமே தோன்றின. முகத்தில் ஒளி போதாமையும் ஒரு குறை என உணர்ந்து, தாழ்வாரத்துச் சாளரத்தருகே அவளை நிற்கச் செய்து, புதியதொரு படமும் எடுத்தோம்.

அப்போது மாணவன், “முகத்தைச் சற்று வெளுப்பாக்கிவிடட்டுமா, ஐயா? இன்னும் தெளிவாக இருக்கும்” என்றான். இவ்விடத்தே பலர் வழுக்கி வீழ்வர். முகம் மறைந்தது கருமையினால் அன்று. அளவைத் தவறாக வைத்தமையினால் ஆகும். அளவைத் திருத்திய பின்னர் நிறத்தை மாற்றுதற்குக் காரணமே இல்லை. எனவே, அவள் கன்னத்திலிருந்தே தொட்டெடுத்த நிறத்தைச் சித்திரத்திற்கும் பூசினோம். அவள் திரையை உற்று நோக்கி, “நெற்றியில் இருந்த தழும்பு எங்கே?” என்றாள். மென்மையாக்கும்போது அது மறைந்துவிட்டது. “இல்லாமல் இருப்பது நல்லதுதானே?” என்றான் மாணவன். “இல்லை, அதையும் போடு. அது இல்லாவிட்டால் என் அம்மாவுக்கே என்னைத் தெரியாது” என்று கூறிச் சிரித்தாள். ஒரு சிறு கோட்டால் அத்தழும்பும் வரையப்பட்டது. அம்மாணவன் அன்றிரவு முதல் மற்றப் படங்கள் அனைத்தையும் ஒவ்வொன்றாக மீண்டும் செய்தான். முன்னே ஒரு மாலையில் முடிந்த பணிக்கு இப்போது நான்கு நாள்கள் ஆயின. இதழ் வெளிவந்தபோது, அனைவருடைய முகங்களும் அதில் இருந்தன.

எதனை விடுவது, எதனைக் கொள்வது என்பதே இக்கலையின் உயிர்நிலை என்பது இதனாற் புலனாகும். பாரதியாரின் நிழற்படங்களாக நமக்குக் கிடைத்தவை மிகச் சில. ஆயினும் தலைப்பாகை, மீசை, கூரிய கண்கள் ஆகிய மூன்றை மட்டும் சுவரில் தீட்டினால், சிறு பிள்ளையும் அவர் பெயரைச் சொல்லும். 1930-ஆம் ஆண்டு தண்டி யாத்திரையை ஒட்டி, வங்க ஓவியர் நந்தலால் போஸ் காந்தியடிகளின் உருவத்தைக் கரும்பரப்பில் வெண்கோடுகளாகச் செதுக்கி அச்சிட்டார். கையில் கோலும், முன்னே எடுத்து வைத்த காலும், சற்றே குனிந்த தலையுமே அதில் உள்ளன. வண்ணம் ஒன்றும் இல்லை; அடிகளாரின் உறுதி முழுதும் உளது. கணினி விளிம்பைக் காணும். எந்த விளிம்பு ஒருவரை அவராக ஆக்குகிறது என்பதை அறியாது. அதனை அறிதற்கு அவரை உற்று நோக்கிய கண்ணும், அவரை மதிக்கும் உள்ளமும் வேண்டும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. சித்திரமாக மாறினாலும் நிழற்படத்தின்மேல் பிறர்க்குள்ள உரிமை மறைவதில்லை. 1960-ஆம் ஆண்டு கியூபா நாட்டில் ஆல்பர்ட்டோ கோர்டா என்பவர் சே குவேராவை ஒரு நிழற்படம் எடுத்தார். 1968-ஆம் ஆண்டு அயர்லாந்து ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பாட்ரிக் அதனைச் செம்பரப்பில் கருங்கோடுகளாகச் சுருக்கினார். அவ்வுருவம் உலகெங்கும் சுவரிலும் சட்டையிலும் பரவிற்று. மது விளம்பரம் ஒன்றில் அந்நிழற்படம் ஆளப்பட்டபோது, 2000-ஆம் ஆண்டு கோர்டா அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 2008-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பராக் ஒபாமாவின் நிழற்படத்தைச் சிவப்பு, நீலம், வெளிர்மஞ்சள் முதலிய சில வண்ணங்களாகச் சுருக்கி, ஷெப்பர்டு ஃபேரி என்னும் ஓவியர் ஒரு சுவரொட்டி ஆக்கினார். மூலப்படத்துக்கு உரிமை கொண்டாடிய செய்தி நிறுவனத்துக்கும் அவருக்கும் எழுந்த வழக்கு 2011-ஆம் ஆண்டு இருதரப்பு உடன்பாட்டால் முடிந்தது. ஆதலின், படம் எடுத்தவர் இசைவும், படத்தில் உள்ளவர் இசைவும் பெற்ற பின்னரே இப்பணியைத் தொடங்குதல் முறையாகும். மூலப்படத்தை அழியாது வைத்திருத்தலும் வேண்டும். கழித்தவற்றுள் ஒன்றை மீண்டும் பெற விரும்பினால், அதற்கு வேறு வழியில்லை.

மாணவர்காள்! கருவிகள் நாள்தோறும் புதியனவாகப் பெருகும். இன்று ஐந்து படிகளிற் செய்வதை நாளை ஒரு நொடியில் முடிக்கும் பொறியும் வரும். ஓரளவு வந்தும் விட்டது. ஆயினும், முடிந்த படத்தை முதலிற் காண வேண்டியவர் அப்படத்துக்கு உரியவரே. அவரிடம் அதனைக் காட்டி, “இது நீங்கள்தாமா?” என்று கேளுங்கள். அவர் ஆம் என்று கூறும்வரை அளவைத் திருத்துங்கள்.

வினாக்கள்

1. சூத்திரத்துக்குக் கண்ணாடி உவமையாகக் கூறப்பட்டது ஏன்? அவ்வுவமை சித்திரத்துக்கு எவ்வாறு பொருந்தும்?
2. வண்ணங்களைக் குறைக்கும்போது மாநிறம் திரிவது எவ்வாறு? கணக்கிட்டு விளக்குக.
3. ‘வரப்பைத் தாண்டாத நீர்’ என்னும் உவமையாற் பெறப்படும் கருத்து யாது?
4. “முகம் மறைந்தது கருமையினால் அன்று” என்று ஆசிரியர் கூறுவதன் பொருளை உம் சொந்த நடையில் எழுதுக.
5. உம் இல்லத்தார் ஒருவரின் முகத்தை நோக்கி, அவரை அடையாளம் காட்டும் மூன்று கூறுகளைக் குறித்துக் கோட்டோவியம் ஒன்று வரைக.